ஆதிரையின் அரைமண்டி

"என் பொண்ணை எப்போக்கா சேர்த்துக்குவீங்க?" என்று மங்கை கேட்டாள்.

"தயாரானதும்," என்றாள் சௌந்தரம்.

"எப்போ தயாராவா?"

சௌந்தரம் சலங்கையிலிருந்து விழுந்துவிட்ட மணியைத் தோலில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் தீர்ந்துவிட்டது. ஊசியை நீட்டினாள். மங்கை நூல் கோத்துக் கொடுத்தாள். ஊசி திரும்பிப் போயிற்று, தையல் தொடர்ந்தது.

சௌந்தரத்தை அந்த ஊரில் பழகியவர்கள் எல்லோரும் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவளுடைய நாட்டிய வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முகூர்த்த நாட்களில் அங்கே பந்தி, மற்ற நாட்களில் வகுப்பு. மேசைகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டால் இடம் தாராளமாக இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் தரையில் சாம்பார் வாசனை போகாது.

மங்கை சிறுமியாக வந்து அக்காவிடம் கற்றுக்கொண்டவள். இப்போது சின்னப் பிள்ளைகளின் வகுப்பை அவள்தான் எடுத்தாள். அவளுடைய மகள் ஆதிரைக்கு ஆறு வயது. தினமும் அம்மாவோடு வருவாள். ஓரத்தில் உட்கார்ந்து வகுப்பு முடியும் வரை பார்ப்பாள். ஒவ்வொரு விஜயதசமிக்கும் அக்கா புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பாள். தாம்பாளத்தில் நெல் பரப்பி, பிள்ளையின் காலைப் பிடித்து அதன்மேல் முதல் அடியைத் தட்டவைப்பாள். போன விஜயதசமிக்கு ஆதிரையைச் சேர்க்கச் சொல்லி மங்கை கேட்டபோது, "இன்னும் இல்லை" என்றாள். அதற்கு முந்தின விஜயதசமிக்கும் அதைத்தான் சொன்னாள்.

"அவர் சொல்லிட்டாருக்கா," என்றாள் மங்கை. 'அவர்' என்றால் அவள் கணவன். "இந்தத் தடவையும் நீங்க சேர்க்கலைன்னா ஸ்டேஷன் ரோட்டுல புதுசா வந்திருக்கே, அங்க சேர்த்துடலாம்ங்கிறாரு. சுத்தி கண்ணாடி வச்சிருக்காங்களாம். மூணு வயசுப் பிள்ளையைக்கூடச் சேர்த்துக்கிறாங்களாம்."

"சேர்க்கட்டுமே."

"அங்க சேர்த்துட்டு நான் எந்த முகத்தோட இங்க வர்றது?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பிள்ளைங்களோட அம்மாக்கள் எல்லாம் என்னைத்தான் கேக்குறாங்க. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொல்லிக்குடுக்குற, உன் பிள்ளை மட்டும் ஏன் ஓரமா உக்காந்திருக்குன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"நீ என்ன சொன்ன?"

"அக்கா சொல்லணும்னேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்க."

மங்கைக்குக் கண் கலங்கியது. விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். "வயசு ஆறு ஆயிடுச்சு. தாளம் தப்புறதில்லை. எல்லா அடவும் பார்த்துப் பார்த்தே மனப்பாடம். அடம் கிடையாது. சொன்ன பேச்சை அப்படியே கேப்பா."

அக்கா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடியும் சலங்கையைப் பார்த்தாள்.

"நேத்து செருப்புக் கடைக்குப் போயிருந்தேன்," என்றாள்.

மங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒரு அம்மா, ஒரு பொண்ணு. கடைக்காரர் பொண்ணு கால்ல செருப்பை மாட்டி, நுனியை அமுக்கிப் பார்த்துட்டு, 'கடிக்குதா பாப்பா?'ன்னு கேட்டாரு. 'இல்ல, சரியா இருக்கு'ன்னாங்க அம்மா. வாங்கிட்டுப் போனாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

செருப்புக்கும் விஜயதசமிக்கும் என்ன சம்பந்தம் என்று மங்கை யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அக்கா சலங்கையை உதறிப் பார்த்தாள். எல்லா மணியும் பேசின.

"ஞாயித்துக்கிழமை புதுப் பிள்ளைங்க வருதுங்க," என்றாள் அக்கா. "இந்தத் தடவை நீ பக்கத்துல இருந்து பாரு. பார்த்துட்டு நீயே சொல்லு, யார் தயார்னு."

*

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய அம்மாக்கள். ஒரே ஒரு அப்பா. அவர் பேக்கரி வைத்திருக்கும் சண்முகவேல். அவருடைய மகள் பிரணிதா சட்டையில் கிரீம் கறையோடு வந்திருந்தாள்.

அக்கா யாரையும் பாடச் சொல்லவில்லை. தாளம் போடச் சொல்லவில்லை. வரிசையாக நிற்க வைத்து அரைமண்டியில் உட்காரச் சொன்னாள். குதிகால்களைச் சேர்த்து, முட்டியை இரண்டு பக்கமும் விரித்து, பாதி உட்கார்ந்தபடி நிற்கிற நிலை அது. பார்த்தால் சுலபம். சற்று நேரத்தில் தொடை எரியத் தொடங்கும்.

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, சன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியே யாரோ பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை வேடிக்கை பார்த்தாள்.

முதலில் கவின் என்ற சின்னப் பையன் நகர்ந்தான். அவனுக்கு மின்விசிறி பிடித்துப்போய்விட்டது. அதன் கீழே போய் நின்று அதோடு சேர்ந்து சுற்றினான். அரைமண்டி என்று ஒன்று இருந்ததே அவனுக்கு மறந்துவிட்டது.

அடுத்தது பிரணிதா. தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள்.

"வலிக்குது," என்றாள்.

"பிரணி, எந்திரிம்மா. டீச்சர் இன்னும் போதும்னு சொல்லல," என்றார் சண்முகவேல்.

"வலிக்குதுப்பா. நீ உக்காந்து பாரு, தெரியும்."

அம்மாக்கள் சிரித்தார்கள். சண்முகவேல் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். அக்கா சன்னலிலிருந்து திரும்பினாள்.

"எங்க வலிக்குது?"

"இங்க." தொடையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க இல்ல," என்று முட்டியையும் காட்டினாள். "கொஞ்ச நேரம் உக்காந்துட்டு மறுபடி வரேன்."

"வா," என்றாள் அக்கா.

கடைசிவரை நின்றது ஸ்ரீநிதி. எட்டு வயது. முதுகு வளையவில்லை, முட்டி குவியவில்லை. மங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஓர் அரைமண்டியை முதல் நாளிலேயே அவள் பார்த்ததில்லை. ஸ்ரீநிதியின் மேலுதட்டில் வேர்வை பூத்தது. கண்ணோரத்தில் நீர் கட்டி நின்றது. கால்கள் நடுங்கின. அவள் அக்காவைப் பார்க்கவில்லை, தன் அம்மாவையே பார்த்தாள். அம்மா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

அக்கா எழுந்து ஓடி வந்து, "போதும் கண்ணு, போதும்," என்று அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "வலிச்சுதா?"

"இல்ல," என்றாள் ஸ்ரீநிதி. கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்னாலும் நிப்பா டீச்சர்," என்றாள் அவள் அம்மா.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அக்கா கேட்டாள். "யார் தயார்?"

"ஸ்ரீநிதி," என்றாள் மங்கை உடனே.

"அவளை அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"அக்கா!"

"பிரணிதாவைச் சேர்த்துக்கோ."

"அவ உடனே உக்காந்துட்டாளேக்கா! அப்பாவையே எதிர்த்துப் பேசுறா."

"ஆமா."

மங்கை கொஞ்சம் யோசித்தாள். "அப்போ கவினும் தயாரா? அவனும் போதும்னு சொல்றதுக்கு முன்னாடியே போயிட்டான்."

"அவன் இன்னும் கொஞ்ச நாள் ஃபேனோட ஆடட்டும்."

மங்கை வெளியே போய் ஸ்ரீநிதியின் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா ஒரு வங்கியில் வேலை பார்ப்பவள். "காரணம் என்னங்க?" என்று கேட்டாள். மங்கைக்குக் காரணம் தெரியவில்லை. "அக்கா சொல்லணும்," என்றாள். அந்த அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். ஸ்ரீநிதி படியில் இறங்கும்போது ஒரு காலை ஊன்ற முடியாமல் சாய்ந்தாள். அதை மங்கை மட்டும்தான் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

*

அன்று சாயந்திரம் வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்குத் தலை சுத்துது," என்றான் அவன். "நல்லா நின்ன பிள்ளை வேணாமாம், பாதியில உக்காந்த பிள்ளை வேணுமாம். உங்க அக்காவுக்கு வாயாடிப் பிள்ளைங்கதான் பிடிக்கும்போல."

மங்கை சட்டென்று நிமிர்ந்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படிப் பார்த்தாலும் கணக்குச் சரியாக வரவில்லை. ஆதிரை ஏன் இரண்டு முறையும் சேரவில்லை என்பதும் இப்போது புரிந்த மாதிரி இருந்தது. ஆதிரையும் அரைமண்டியில் கல் மாதிரி நிற்பாள்.

மகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அக்கா உன்னை அரைமண்டி உக்காரச் சொல்லுவாங்க. நீ வலிக்குதுன்னு சொல்லிடணும்."

"எப்போ சொல்லணும்?"

"அவங்க உக்காரச் சொன்னதும்."

"சத்தமாவா, மெதுவாவா?"

"சத்தமா."

"அழணுமாம்மா?"

மங்கை யோசித்தாள். பிரணிதா அழவில்லை. "வேணாம்," என்றாள்.

அன்றிலிருந்து ஆதிரை பல் தேய்க்கும்போதும், தலை பின்னும்போதும், "வலிக்குது" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு தடவை நீட்டிச் சொல்வாள், ஒரு தடவை வெட்டிச் சொல்வாள். "எதும்மா நல்லாருக்கு?" என்பாள். மங்கை கேட்டுப் பார்த்து, "ரெண்டாவது," என்பாள்.

*

சரஸ்வதி பூஜையன்று மாலை இருவரும் அக்காவிடம் போனார்கள். மறுநாள் விஜயதசமி.

கூடத்தின் ஒரு மூலையில் பூஜை முடிந்திருந்தது. சலங்கைகளும், தாளம் தட்டுகிற கழியும் கட்டையும், நட்டுவாங்கத் தாளமும் பட்டுத் துணிமேல் பூவும் குங்குமமுமாக அடுக்கப்பட்டிருந்தன. அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் எடுத்துத்தான் முதல் பாடம்.

"அக்கா, இன்னிக்கு ஒரு தடவை பாருங்க," என்றாள் மங்கை. "இல்லைன்னா அவர் நாளைக்குக் காலையில ஸ்டேஷன் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு."

அக்கா ஆதிரையைப் பார்த்துப் புன்னகைத்தாள். "அரைமண்டி உக்காரு கண்ணு."

"வலிக்குது!" என்றாள் ஆதிரை.

கூடத்தில் அந்தச் சத்தம் சுற்றி வந்தது. அவள் இன்னும் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் நீ உக்காரவே இல்லையே. எங்க வலிக்குது?"

இந்தக் கேள்வி பயிற்சியில் இல்லை. ஆதிரை அம்மாவின் பக்கம் திரும்பினாள். "தொடையாம்மா, முட்டியாம்மா?"

மங்கைக்கு முகம் எரிந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மங்கை," என்றாள். "நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு. சுவத்தைப் பாரு."

"எதுக்குக்கா?"

"நில்லேன்."

மங்கை திரும்பி நின்றாள். அவள் முகத்துக்கு எதிரே மடக்கிய மேசைகள். ஒன்றின் அடியில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் 'மாப்பிள்ளை மொக்கை' என்று எழுதியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ உக்காரு கண்ணு. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

பாவாடை சரசரத்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. தெருவில் ஒரு ஆட்டோ போனதை அது அடித்த ஹாரனும் யாரோ திட்டியதும் சொல்லின.

மங்கைக்குப் பார்க்கத் தேவையில்லை. எத்தனையோ பிள்ளைகளை அரைமண்டியில் உட்கார வைத்தவள் அவள். முதலில் மூச்சு மூக்கிலிருந்து வாய்க்கு மாறும். பிறகு கால் விரல்கள் தரையைப் பற்றும். பிறகு பாவாடை நடுங்கும். மூச்சு மாறியது கேட்டது. விரல்கள் தரையில் உரசியதும் கேட்டது.

பாவாடை நடுங்குவதும் சரசரவென்று கேட்க ஆரம்பித்தது.

"அக்கா, போதும்கா," என்றாள் மங்கை சுவரைப் பார்த்து.

"ஏன், உனக்குக் கால் வலிக்குதா?"

"அவளுக்கு வலிக்கும்கா."

"திரும்பாதே."

மங்கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா," என்று பின்னாலிருந்து ஆதிரையின் குரல் கேட்டது. மெதுவாக, சந்தேகத்தோடு கேட்டாள். "எனக்கு இப்போ வலிக்குதாம்மா?"

பதில் மங்கையின் நாக்கில் இருந்தது. எந்த இடம், எவ்வளவு, இன்னும் எத்தனை நேரம் தாங்கும், எல்லாமே அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். சுவர் மட்டும் எதிரே இருந்தது.

"எனக்குத் தெரியலையே ஆதிரை," என்றாள். அது அவளுக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

பிறகு தொப்பென்று ஒரு சத்தம்.

"வலிக்குது!" குரல் உடைந்திருந்தது. நீட்டியதும் இல்லை, வெட்டியதும் இல்லை. "அப்பலேர்ந்து வலிக்குது. நீங்க போதும்னே சொல்லல!"

"ஆமா, சொல்லல," என்றாள் அக்கா.

"ஏன் சொல்லல?"

"எனக்கு எப்படிடா தெரியும், உன் கால் எப்போ வலிக்குதுன்னு?"

மங்கை திரும்பினாள். ஆதிரை தரையில் உட்கார்ந்து இரண்டு தொடைகளையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகியது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நாளைக்கு விஜயதசமி. நெல்லுல கால் வைக்கலாம். வரியா?"

"வரமாட்டேன்."

"சரி. வேற எப்போ வர்ற?"

ஆதிரை மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்றேன்," என்றாள்.

"சொல்லு," என்று அக்கா எழுந்தாள்.

மங்கை அவள் பின்னாலேயே போனாள். "அக்கா, என்னக்கா இது? அவ தயாரா, இல்லையா?"

"தயார்."

"அப்போ நாளைக்குக் கூட்டிட்டு வரவா?"

"அவதான் வரமாட்டேங்கிறாளே."

"தயார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"நாளைக்கு விட்டா அடுத்த விஜயதசமிதானேக்கா?"

"அவ ஐப்பசியில வரேன்னு சொன்னா ஐப்பசியில நெல்லு கிடைக்காதா?"

மங்கை நின்ற இடத்திலேயே நின்றாள். தயார் என்கிறாள், கூட்டிவரச் சொல்ல மாட்டேன் என்கிறாள். சேர்த்துக்கொண்டாளா, இல்லையா? இதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது? நாளைக்குக் காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டுக்குக் கிளம்பும்போது என்ன பதில் சொல்வது? செருப்புக் கடை, மின்விசிறி, ஸ்ரீநிதியின் கால் என்று என்னென்னவோ ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எதுவும் எதோடும் சேரவில்லை.

பூஜைத் தட்டில் வாழைப்பழங்கள் இருந்தன. மங்கையின் கை அதுவாகப் போய் ஒன்றைப் பிய்த்தது, உரித்தது, குனிந்து மகளின் முகத்துக்கு நேரே நீட்டியது. ஆதிரையின் வாய் அதுவாகத் திறந்தது.

அக்கா தரையில் சிதறிய பொரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"பசிக்குதுன்னு அவ சொன்னாளா?"

மங்கையின் கை பாதியில் நின்றது.

ஆதிரை திறந்த வாயை மூடிக்கொண்டு, யோசிக்க ஆரம்பித்தாள்.